சத்தம் போன இருபது நிமிடம்

போன வாரம் நம் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்துண்டு வந்தது. கல்யாணப் பந்தல் சரிகிறது. பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். செவிட்டு மாமனார் மட்டும் இலையை விட்டு எழுந்திருக்காமல், "ரசம் எங்கடா?" என்று கேட்கிறார். அண்டா ரசத்தையும் கவிழ்த்துவிட்டு நிற்கும் சமையல்காரன் கையைப் பிசைந்துகொண்டு, "இப்பதாங்க இங்க இருந்துச்சு!" என்கிறான். ஐந்து நிமிடத்தில் குழு முழுவதும் கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று கவனித்து, "ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு மட்டும் சிரிப்பு வரலையா?" என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார்.

வராமல் என்ன? வந்தது. ஐம்பதைத் தாண்டியவள், காய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அது மஞ்சள் முகத்தில் அடங்காது என்பதால் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் நேராக நாளைய காலை வணக்கத்துக்குப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

திருவெறும்பூர் குவார்ட்டர்ஸ் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரே அச்சில் செய்த வீடுகள், வேலிக்கு ஆகாசமுல்லை, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஊதும் சங்கு. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் அம்மாக்கள் உலை வைத்தார்கள். என் அப்பாவுக்குத் தகடு ஷாப்பில் வேலை. காற்றால் ஓடும் சுத்தியலில் உளியைப் பொருத்தி, கனத்த இரும்புத் தகடுகளில் வெல்டிங் பிசிறைக் கொத்தி எடுப்பது. இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் அதே வேலையைச் செய்துகொண்டிருப்பார்கள். அந்தக் கூரைக்குக் கீழே யாரும் யாரோடும் பேச முடியாது. கையும் உதடும்தான் பேச்சு. கையை விரித்தால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் மெதுவாக இறக்கு. வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோகிற அப்பாக்கள் நமக்கு இருந்தார்கள். அதை நடித்துக் காட்டி நாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம், நினைவிருக்கிறதா?

அம்மா ஸ்ரீரங்கம் உத்தர வீதிப் பெண். தொழிற்சாலை வேலைதான் நிரந்தரம் என்று அவளுடைய அண்ணா பார்த்துக் கட்டிவைத்தார். பதினாலு வருஷம் குவார்ட்டர்ஸில் குடித்தனம் செய்தும், ரயிலில் இடம் பிடித்து உட்கார்ந்தவள் மாதிரிதான் அங்கே இருந்தாள். ஆசாரம் அதிகம். மடியாகக் குளித்துவிட்டு வந்தால் சமையல் முடிகிறவரை நானே ஒரு முழம் தள்ளித்தான் நிற்க வேண்டும். அவள் அண்ணா, அதாவது என் மாமா, வருஷம் தவறாமல் மார்கழியில் வந்து ஏகாதசிக்கு எங்களை அழைத்துப் போவார். பகல் பத்து, இராப் பத்து முடிந்து, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் திரும்பி வருவோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

எங்கள் எதிர் வீட்டில்தான் கிரேன்காரர் இருந்தார். தொட்டியத்துக்காரர். ஊருக்குப் போய் வந்தால் தெருவில் எல்லாருக்கும் வாழைப்பழம் வரும். அப்பா கீழே நின்று கை காட்ட, இவர் மேலே கூண்டில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி இறக்குவார். ஒரு வார்த்தை பேசாமல் வருஷக்கணக்கில் வளர்ந்த சினேகிதம் அது. அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீடியோ டெக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு கேசட். அதன் முதுகில் நீல மையில் 'சிரிப்புப் படம்' என்று எழுதியிருந்தது. தலைப்பு வரும் இடம் பதிவாகவே இல்லை, படம் நேராகக் கல்யாண வீட்டில்தான் ஆரம்பிக்கும். அதன் உண்மையான பெயர் எனக்குப் போன வாரம் வரை தெரியாது.

தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். ஓடாததில் ஆச்சரியம் இல்லை. சமைக்கத் தெரியாத இரண்டு திருடர்கள் சமையல்காரர்களாகக் கல்யாண வீட்டுக்குள் நுழைகிறார்கள். ஒருவன் புடவை கட்டிக்கொள்கிறான், பிள்ளைக்குத் தாத்தா அவனைத் துரத்துகிறார். புரோகிதரின் குடுமியைப் பந்தக்காலில் கட்டிவிடுகிறார்கள். வயிறு கெட்டவனை வைத்துப் பத்து நிமிடம். இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நம் தெருவே அந்த ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தது. வாடகைக்கு வேறு கேசட் எடுத்து வரலாம் என்று யாராவது சொன்னால், "முதல்ல நம்ம படத்த ஒருவாட்டி போட்டுட்டு அப்புறம் அதப் போடுவோம்" என்பார்கள். அப்புறம் என்பது வரவே வராது.

ஏன் அத்தனை பிடித்தது என்று இத்தனை வருஷம் கழித்து யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் படத்தில் எல்லாரும் விழுகிறார்கள், யாருக்கும் அடி படுவதில்லை. தலையில் அண்டா விழுந்தவன் உதறிக்கொண்டு எழுந்து ஓடுகிறான். உத்தரம் முறிந்து விழுகிறது, கீழே இருந்தவன் சிரித்துக்கொண்டே தலையை நீட்டுகிறான். நம் அப்பாக்களின் ஷாப்பில் ஒரு தகடு சரிந்தால் விரல் போகும், கால் போகும். அந்த மனிதர்கள் பந்தல் விழுகிற காட்சியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அறிவாளிகள் எழுதிய கட்டுரையில் இதைப் படிக்கவில்லை, எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் அதிகம் சிரிப்பு வந்தது செவிட்டு மாமனார் காட்சிக்குத்தான். அந்தச் சிரிப்பு படத்தோடு நிற்கவும் இல்லை. ஷாப்பில் காது மந்தமாகி, டூல்ஸ் ரூமில் உட்கார வைக்கப்பட்டிருந்த ஒரு வயதானவருக்கு அந்த மாதத்திலிருந்தே 'மாமனார்' என்று பெயர் விழுந்துவிட்டது. அவர் சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து "ரசம் எங்கடா?" என்று கத்துவோம். அவர் திரும்ப மாட்டார். திரும்பாததால் இன்னும் சிரிப்பு வரும். நானும் கத்தியிருக்கிறேன். நான் நல்ல பெண் என்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்பா அதுவரை எதற்கும் அதிகம் சிரிக்காத மனிதர். அந்த வருஷம் ஆடி மாதத்திலிருந்து, காலை ஷிஃப்ட் முடிந்து வந்ததும் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, எதிர் வீட்டுக்குப் போய் முதல் வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். மாமனார் காட்சிக்கு அவர் சிரிப்புதான் எல்லார் சிரிப்பையும் விட உரக்கக் கேட்கும். தெருவைத் தாண்டி எங்கள் சமையலறைக்கு வரும். அங்கே அம்மா தாளித்துக்கொண்டிருப்பாள்.

"கண்றாவி. மீசை வச்ச தடியன் புடவையைச் சுத்திண்டு குதிக்கறான், அதைப் பார்த்து இந்த மனுஷர் சிரிக்கறார். ஆத்துல என்னைக் கண்டா மட்டும் வாயில கொழக்கட்டை."

அது உண்மைதான். வீட்டில் அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசுகிறவள். "ஏன்னா, குழாய் நின்னுடப் போறது, அந்த அண்டாவை எடுத்து வையுங்கோளேன்" என்பாள். அப்பா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். குழாய் நின்றுவிடும். "பெருமாளே, நான் என்ன குத்தம் பண்ணினேன்" என்று அம்மா பெருமாளிடம் பேச ஆரம்பிப்பாள். ஐப்பசி மழை பிடித்தபோது அவர்களுக்குள் நேர்ப் பேச்சே நின்றுபோயிற்று. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். நான் போய் அப்பாவின் எதிரில் நின்று சொல்வேன். அவர் உடனே எழுந்து வருவார். என் பேச்சுக்கு மட்டும் மரியாதை இருக்கிறது என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த மழையில்தான் டெக் கேசட்டை மென்றது. கிரேன்காரர் நாடாவை மெல்ல இழுத்து, கசங்கின இடத்தை நகத்தால் நீவி, பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடியும் போட்டார். படம் வந்தது. நடுவில் ஓர் இருபது நிமிடத்துக்கு ஓரத்தில் கோடு கோடாக ஓட, சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. பந்தல் விழும் காட்சியும் அந்த இருபது நிமிடத்துக்குள்தான். "அட, சத்தம் போச்சே!" என்று ஹால் முழுவதும் முனகியது. கிரேன்காரர் பின்பக்கம் போய் வயரைத் திருகினார்.

அப்பா மட்டும் முதல் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாமனார் வாயைத் திறந்ததும், அப்பா எப்போதும் முணுமுணுப்பது போலவே, ஆனால் இப்போது எல்லாருக்கும் கேட்கும்படி, "ரசம் எங்கடா?" என்றார். சமையல்காரன் கையைப் பிசைந்தான். "இப்பதாங்க இங்க இருந்துச்சு!" என்றார் அப்பா. சரியாக உதடு அசையும் நொடியில். சொல்லிவிட்டு, சொல்லி வைத்தாற்போல் சிரித்தார்.

பிறகு கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. "சாமி! சாமிக்குள்ள இவ்வளவு இருக்கா!" என்று கிரேன்காரர் அப்பாவின் முதுகில் தட்டினார். அப்பா திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. நான் பக்கவாட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்ததால் அந்த முகத்தை முழுக்கப் பார்த்தேன். "தொடருங்க சாமி, பேசுங்க, நீங்கதான் இனிமே சத்தம்" என்று யாரோ கையை ஆட்டினார்கள். அப்பாவுக்கு ஏதோ விளங்கியது. படத்தின் பக்கம் திரும்பி, திருடன், தாத்தா, புரோகிதர், மாமனார் எல்லாருக்கும் அவரே பேச ஆரம்பித்தார்.

இருபது நிமிடம் ஆனதும் படத்தில் சத்தம் திரும்பி வந்தது. அப்பா நிறுத்தவில்லை. திருடன் பேசப் பேச, அதே வசனத்தை அவன் குரலுக்கு மேலே இவரும் பேசிக்கொண்டே போனார். அதையும் தமாஷ் என்றே எடுத்துக்கொண்டு எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் போனதும் தெரியாதவருக்கு, வந்ததும் தெரியவில்லை.

மறுநாள் காலை அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் செருகிவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்று "அப்பா" என்றேன். கத்தி ஒரே சீராக இறங்கியது. இன்னும் உரக்க "அப்பா" என்றேன். மூன்றாவது தடவை கண்ணாடிக்குள் என் வாய் அசைவதை அவர் பார்த்துவிட்டார். கத்தியைக் கழுவி வைத்தார். பாதி முகத்தில் சோப்போடு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"நேத்திலேர்ந்து. படத்துல சத்தமே வரலைப்பா. நீ பேசினே."

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமே வரலையா?" என்று கேட்டார். இவ்வளவு நேரம் அது அவருக்குத் தெரியாது. எல்லாரும் முதுகில் தட்டியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

"உனக்குப் படம் கேட்டதே இல்லையாப்பா?"

"முதல்ல கொஞ்சம் கேட்டுது. அப்புறம் கேக்க வேண்டி இருக்கலை, எல்லாம் பாடம். வேற எங்க போனாலும் என்ன சொன்னா, என்ன சொன்னான்னு முழிக்கணும். அங்க மட்டும் எல்லாரும் சிரிக்கறச்சே நானும் சேர்ந்து சிரிக்கலாம்."

"அம்மாகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்!" அவர் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. "அவ அண்ணாகிட்டச் சொல்லுவா. மாமா ஊர் பூராச் சொல்லுவார். இங்க தெரிஞ்சா டூல்ஸ் ரூம்ல கொண்டுபோய் உக்கார வச்சுடுவா. அப்புறம் நானும் மாமனார்தான்." உள்ளங்கையை நீட்டினார். "பெருமாள் மேல சத்தியம் பண்ணு."

ஏழாம் வகுப்புப் பெண் நான். பள்ளிகொண்ட பெருமாள் மேல் பண்ணின சத்தியத்தை மீறினால் என்ன ஆகும் என்று மாமா வீட்டில் எனக்குக் கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஈரக் கையில் என் கையை வைத்தேன்.

அதற்குப் பிறகு கார்த்திகை முழுவதும் அப்பாதான் தெருவின் நட்சத்திரம். அடுத்த தெருவிலிருந்தெல்லாம் படம் பார்க்க அல்ல, சாமி பேசுவதைக் கேட்க வந்தார்கள். எங்கே ஆரம்பிக்க, எங்கே நிறுத்த என்று சுவரோரமிருந்து நான் கை காட்டுவேன். கை விரித்தால் சத்தம் வந்துவிட்டது, நிறுத்து. அப்பாவுக்குக் கை காட்டுவதில் எனக்குக் கிரேன்காரருக்குச் சமமான கர்வம் இருந்தது. அம்மா வாசல்வரை வந்து ஒருநாள் எட்டிப் பார்த்தாள். தன்னோடு நாலு மாதமாக நாலு வார்த்தை பேசாத மனிதர், ஊராருக்கு நடுவில் உட்கார்ந்து எட்டுக் குரலில் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போனாள். அன்று எங்கள் வீட்டில் உலை ஏறவில்லை.

மார்கழி வந்தது. மாமா வழக்கம்போல வந்தார். வழக்கத்துக்கு மாறாக வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்தில் தனக்குக் கொடுத்த பெரிய டிரங்குப் பெட்டியை அம்மா கட்டிவைத்திருந்தாள். என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் அதற்குள் போயின. ஏகாதசிக்குக் கணக்குப் புத்தகம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்திருந்தது.

அப்பாவுக்குப் புரிந்திருக்கவில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். குளிக்காமல் கொல்லையில் அவரைக்கொடிப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஏகாதசிக்குப் போகிறார்கள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்திருப்பார். வேறு என்ன நினைக்க முடியும், யாரும் எதுவும் சொல்லவில்லையே.

அம்மா கொல்லைப் படியில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்து, மடிப் புடவை கட்டியிருந்தாள். நேராகக் கோயிலுக்குப் போகவேண்டும். எனக்கும் மடியாகப் பட்டுப் பாவாடை. "அப்பாவைத் தொட்டுடாதே" என்று முன்பே சொல்லியிருந்தாள். படியிலிருந்து அவரைக்கொடிப் பந்தலுக்கு நாலைந்து அடி இருக்கும். நடுவில் சேறு.

"ஏன்னா" என்றாள்.

அப்பா கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ஏன்னா" என்றாள் இன்னும் கொஞ்சம் உரக்க. வாசலில் மாமா தொண்டையைக் கனைப்பது கேட்டது. அண்ணாவின் காதில் விழும்படி ஆம்படையானைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது அவளுக்கு எத்தனை அவமானம் என்று இப்போது தெரிகிறது. கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்தே விட்டது. "ஏன்னா!"

ஒரு காக்காய் பறந்து போயிற்று. அப்பா அடுத்த கயிற்றை எடுத்தார்.

நான் அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். நான் ஓடிப்போய் அவர் எதிரில் நின்றிருக்கலாம். தொடக்கூட வேண்டாம், கையை ஆட்டினால் போதும். கார்த்திகை முழுவதும் நான் செய்த வேலைதானே அது. ஆனால் அப்படிச் செய்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், சத்தியம் போய்விடும், அப்பா மாமனார் ஆகிவிடுவார் என்று நினைத்தேன். அப்பாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"போறும் வா" என்றாள் அம்மா.

கார் தெருமுனையில் திரும்பும்போது பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அப்பா வாசலுக்கு வந்து நின்றிருந்தார். நாங்கள் கிளம்பிவிட்டதை அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினார். மெதுவாக, பார்த்துப் போங்கள் என்று. அம்மா முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாங்கள் திரும்பிப் போகவில்லை. பொங்கல் கழிந்து அப்பா சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். கையில் ஒரு பை அவரைக்காய். மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு வாசலிலேயே நிறுத்தி நியாயம் கேட்டார். வெற்றிலை அடக்கிய வாயிலிருந்து உதட்டைப் படிக்க யாரால் முடியும்? புரியாதபோது செய்வதையே அப்பா செய்தார். சிரித்தார். "பார், சிரிக்கறான்! இத்தனை கேக்கறேன், சிரிக்கறான்!" என்று மாமா உள்ளே பார்த்துக் கத்தினார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றவள் பூஜை அறைக்குள் போய்விட்டாள். நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை மூடிய வாயைத் திறப்பது கஷ்டம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நான் காப்பாற்றிய லட்சணத்தையும் கேளுங்கள். அடுத்த மெடிக்கல் பரிசோதனையிலேயே ஃபேக்டரி டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவை டூல்ஸ் ரூமில் உட்கார வைத்தார்கள். உங்களில் சிலர் அவர் சைக்கிளுக்குப் பின்னால் கத்தியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். கோபமில்லை. நீங்கள் கற்றுக்கொண்டது என்னிடமிருந்தாகக்கூட இருக்கலாம். செய்தி ஸ்ரீரங்கத்துக்கும் வந்தது. "இப்போ காதும் போயிடுத்தாம். பெருமாள் கேக்காம விடுவாரா?" என்றார் மாமா. காது நாங்கள் பிரிந்து வந்த பிறகுதான் போனது என்றே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையை மாற்றக்கூடியவள் நான் ஒருத்திதான்.

மாதம் ஒரு ஞாயிறு அப்பாவைப் பார்க்கப் போவேன். கிரேன்காரர் ஓய்வு பெற்றுத் தொட்டியம் போனபோது டெக்கையும் கேசட்டையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டெக் கெட்டுப்போன பிறகும் அந்தக் கேசட் அலமாரியில் சேவிக்கிற பெருமாள் படங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. வீடு மாற்றும்போது எங்கேயோ போய்விட்டது. நான் தேடினால் அப்பா கையைப் பிசைந்து காட்டுவார், அந்தச் சமையல்காரன் மாதிரி. அம்மாவைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டார். "என்ன கோபம்னு உனக்காவது தெரியுமா?" தெரியும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தெரியாது என்று தலையசைத்தேன்.

எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அப்பா புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனார். அங்கே யார் உதடும் அவருக்குத் தெரியவில்லை. வந்தவர் போனவர் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாராம். "அப்பா கடைசிவரைக்கும் சிரிச்ச முகமாவே இருந்தாங்க" என்று ஒரு நர்ஸ் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள், அதே ஸ்ரீரங்கத்தில், மூன்றாம் மாடி ஃப்ளாட்டில். நான் சிரித்ததைக் கேட்டு, "என்னடி அது, நானும் பாக்கறேன்" என்று கை நீட்டினாள். யோசிக்காமல் போனைக் கொடுத்துவிட்டேன். பார்த்தாள். பந்தல் விழுந்தது. என்னால் நம்ப முடியவில்லை, அம்மா சிரித்தாள். பல்செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுதானா அது? நன்னாத்தான் இருக்கு. இதுக்கு இவ்வளவு சிரிக்கத் தெரிஞ்ச மனுஷர், நான் மூணு தடவை கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கலை. ஒரு தடவை திரும்பியிருந்தாப் போறும், நான் பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

அவள் அப்படி முடிவு செய்துவிட்டுத்தான் அந்தப் படியில் நின்றாள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

சொன்னேன். நாற்பது வருஷம் அடைத்து வைத்திருந்தது, நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அப்போதே அவருக்குக் காது கேட்காதும்மா. ஆடியிலிருந்தே. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

அம்மா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். வெளியே தேங்காய் வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"அப்போ எதிர்ல போய் நின்னிருக்கணும்" என்றாள். "மடின்னு பாத்துட்டேன். நாலு அடி."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீ எங்கடி நின்னுண்டிருந்தே?"

"உன் பக்கத்துலதாம்மா."

"ம்" என்றாள்.

ஒரு வாரம் ஆகிறது. அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்கிறாள். நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். அவளுக்கும் வயது எண்பதை நெருங்குகிறது, காது மந்தமாகியிருக்கலாம். இல்லை, என்னோடு பேசப் பிடிக்காமலும் இருக்கலாம். நாலு அடி நடந்து அவள் எதிரில் போய் நின்றால் எது என்று தெரிந்துவிடும். இன்னும் போகவில்லை.